கடைசி வேலைக்கு லாரா

டொறத்தி அக்காவுக்கு அறுபத்தெட்டு வயது. வாய்க்கு மட்டும் இன்னும் வயது போகவில்லை என்று ஜெர்மனியின் வூப்பர்டால் நகரத்துத் தமிழ்ச் சனம் சொல்லும். முதுகுக்குப் பின்னால்தான் சொல்லும். முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு நல்லபடி வீடு போய்ச் சேர்ந்தவர்கள் கிடையாது. புருசன் போய்ச் சேர்ந்து கனகாலம், பிள்ளை குட்டி இல்லை. ஆற்றுக்கு மேலே தொங்கு ரயில் போகிற பக்கமாக ஒரு அறை வீடும், அந்த வீட்டுக்குள் ஒரு தொலைபேசியும்தான் அவருடைய சொத்து. அந்தத் தொலைபேசியை வைத்துக்கொண்டு அவர் ஒரு அரசாங்கமே நடத்தினார்.

ஒவ்வொரு நாளும் காலை ஒன்பது மணிக்கு டொறத்தி அக்கா அம்புறோஸ் அண்ணையை அழைப்பார். அம்புறோஸ் அண்ணை ஜேசுரட்ணம் மாஸ்டரை அழைப்பார். மாஸ்டர் கமலநாயகியை அழைப்பார். கமலநாயகி திரும்ப டொறத்தி அக்காவை அழைத்து, "எல்லாரும் இருக்கிறம்" என்பார். சுற்று முடியாவிட்டால் எங்கேயோ ஒருவர் விழுந்து கிடக்கிறார் என்று அர்த்தம். நாலு பேருமே தனியாக இருக்கிறவர்கள். இரண்டு வருடத்துக்கு முன்னால் தனியாக இருந்த ஒரு தமிழ்க் கிழவர் செத்து மூன்று நாள் அப்படியே கிடந்தார். கண்டுபிடித்தது கீழ்வீட்டு ஜெர்மன்காரி. அந்த வெட்கக்கேட்டைத் தாங்க முடியாமல் டொறத்தி அக்கா போட்ட சட்டம் இது.

2007ஆம் ஆண்டு ஜூன் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை பின்னேரம் லாரா வந்து மணியை அடித்தாள். லாரா, டொறத்தி அக்காவின் தம்பி கிறிஸ்தோப்பரின் ஒரே மகள். பதினேழு வயது. பத்தாம் வகுப்பு முடிகிற நேரம். வந்தவள் சப்பாத்தைக் கழற்றிவிட்டு நேராகக் குசினிக்குள் போய், தானே கேத்தலை அடுப்பில் வைத்தாள். அப்பன் வீட்டில் ஏதோ நடந்துவிட்டது என்று டொறத்தி அக்காவுக்கு விளங்கிவிட்டது.

"மாமி, எனக்கு அவுஸ்பில்டுங் கிடைச்சிட்டுது. மூண்டு வருசத் தொழில் படிப்பு. ஓகஸ்டில தொடக்கம்."

"அட, சந்தோசமான விசயமெல்லே! ஏன் முகத்தை உப்பிடி வைச்சிருக்கிறாய்? என்ன தொழில்? பாமசியோ?"

"இல்லை. பெஸ்ராட்டர். சவத்தைக் குளிப்பாட்டி உடுப்பாட்டுற செத்த வீட்டுக் கொம்பனி. போன வருசம் பள்ளிக்கூடத்தால ரெண்டு கிழமை பழகப் போனனெல்லே, அங்கதான். பிரிங்மான் எண்டு ஒரு ஜெர்மன் மனிசி நடத்துறா. 'நீ வா, உன்னை நான் எடுக்கிறன்' எண்டு சொல்லிப்போட்டா."

லாரா தேநீர்க் கோப்பையை நீட்டியபோது, யோசிக்காமல் டொறத்தி அக்காவின் வாயில் வந்தது ஒரு கேள்வி.

"கை கழுவினியோ?"

லாரா கோப்பையை மேசையில் வைத்தாள். "நான் அங்க போய் ஒரு வருசம் ஆகுது மாமி. நீங்கள் இருவது வருசம் ஆசுப்பத்திரியில என்ன கழுவினீங்கள்?"

டொறத்தி அக்கா இருபது வருடம் ஆஸ்பத்திரியில் கழுவியது கக்கூசும், நோயாளிகள் சத்தி எடுத்த தரையும், சத்திரசிகிச்சை அறையின் ரத்தமும். அந்தச் சம்பளத்தில்தான் இந்தத் தம்பியையே இந்த நாட்டுக்கு எடுத்தார். கேள்வி சுள்ளென்று உறைத்தது. உறைத்தால் கோபப்படுகிறவர்கள் உண்டு. டொறத்தி அக்கா உறைத்தால் கட்சி மாறுகிறவர்.

"சரி. கேட்டது பிழைதான்" என்று சொல்லிவிட்டுத் தேநீரை எடுத்துக் குடித்தார். "ஏன் உனக்கு உந்தத் தொழில்? அதைச் சொல்லு."

லாராவுக்கு அழகாகப் பேசத் தெரியாது. தமிழும் ஜெர்மனும் கலந்து, உடைத்து உடைத்துத்தான் சொன்னாள். சிவலிங்கம் மாமாவின் செத்த வீட்டை மறக்க முடியவில்லை என்றாள்.

அதை டொறத்தி அக்காவும் மறக்கவில்லை. சிவலிங்கம் என்றால் கமலநாயகியின் புருசன். நாலு வருடத்துக்கு முன்னால் ஆஸ்பத்திரியில் இறந்தார். ஊரில் என்றால் சவத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து, உறவுக்காரர் கூடிக் குளிப்பாட்டி உடுப்பாட்டுவார்கள். இங்கே சவம் நேராகக் குளிர் அறைக்குப் போகும். எங்களுடைய ஆட்கள் பட்டு வேட்டி, சால்வை, சந்தனம் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு, செத்த வீட்டுக் கம்பனியின் வாசலில் கொடுத்துவிட்டு வந்துவிட்டார்கள். வாங்கோ, உடுப்பாட்ட வாங்கோ என்று கம்பனிக்காரன் கூப்பிட்டதற்கும் ஒருவரும் போகவில்லை. எல்லாம் அவனே பார்த்துக்கொள்வான் என்று ஒரு நம்பிக்கை. அவனுக்கு வேட்டி என்றால் என்ன தெரியும்? பெட்டிக்குள் போர்வை விரிப்பது அவர்கள் வழக்கம். பட்டு வேட்டியைப் போர்வை என்று நினைத்து, நெஞ்சிலிருந்து கால்வரை விரித்துவிட்டான். உள்ளே சிவலிங்கம் ஆஸ்பத்திரிக் கவுனோடு படுத்திருந்தார். வந்த சனம் எல்லாம் பார்த்தது. ஒருவரும் வாய் திறக்கவில்லை. கனடாவுக்கு அனுப்ப எடுத்த வீடியோவில் பதின்மூன்று வயது லாராவின் குரல் மட்டும் கேட்கும்: "ஏன் மாமாவுக்கு வேட்டி கட்டேல்லை?" அதற்குப் பின்னால் யாரோ 'உஷ்' என்பதும் கேட்கும்.

"நான் கட்டியிருப்பன் மாமி" என்றாள் லாரா. "எனக்குப் பயம் இல்லை. பழகப் போன இடத்திலயும் இல்லை. ஒரு செத்த கிழவிக்குச் சீப்பால தலை இழுத்துவிட்டன். மகள் வந்து பாத்திட்டு, அம்மா மாதிரியே இருக்கிறா எண்டு என்ர கையைப் பிடிச்சா. எனக்கு இதுதான் வேலை."

பதினெட்டு வயது முடியாததால் பயிற்சி ஒப்பந்தத்தில் தாயும் தகப்பனும் கையெழுத்துப் போட வேண்டும். மடு மாதா திருநாள் ஞாயிற்றுக்கிழமை வருகிறது. அதற்கு அடுத்த நாள் திங்கட்கிழமை கொடுக்காவிட்டால் இடம் வேறு ஒருவருக்குப் போய்விடும். அம்மா போட்டுவிட்டாள். அப்பா பேனையைத் தூக்கி எறிந்தார்.

டொறத்தி அக்கா மேலங்கியைத் தேடினார்.

கிறிஸ்தோப்பர் தமிழ்க் கத்தோலிக்கப் பணியகத்தின் தலைவர். செத்த வீடு, கலியாண வீடு, திருநாள் எல்லாவற்றுக்கும் முன்னுக்கு நிற்கிற ஆள். சனம் அவரைத் 'தலைவர்' என்றே கூப்பிடும். அக்கா வாசலில் நிற்கும்போதே அவருக்கு விசயம் விளங்கிவிட்டது.

"அக்கா, நீங்கள் இதில தலை போடாதேங்கோ."

"இவ்வளவு காலம் எதில நான் தலை போடாமல் விட்டனான்? என்ன குறை உந்தத் தொழிலில? அரசாங்கம் பத்திரம் குடுக்கிற படிப்பு."

"குறையோ?" கிறிஸ்தோப்பரின் குரல் தாழ்ந்தது. மனைவி பிறேமா குசினிக்குள் நிற்கிறாள் என்பதால் அல்ல, சொல்லப்போவது அப்படியான சங்கதி என்பதால். "ஊரில இந்த வேலை ஆர் செய்தவை எண்டு உங்களுக்குத் தெரியாதோ? எங்கட குடும்பத்தில ஒருத்தர் இதைச் செய்தவையோ? நாளைக்கு ஆர் இவளைக் கட்டுவான்?"

அதுதான் விசயம். பயமும் இல்லை, படிப்பும் இல்லை. இருபது வருடத்துக்கு முன்னால் விமானம் ஏறும்போது எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்த மனுசன், இதை மட்டும் பத்திரமாகக் கட்டிக் கொண்டுவந்திருக்கிறான். டொறத்தி அக்காவுக்கு உச்சி கொதித்தது.

"தெரியும். ஆர் செய்தவை எண்டும் தெரியும், அவையளை நாங்கள் எந்தப் படலை வாசலில நிப்பாட்டி வைச்சனாங்கள் எண்டும் தெரியும். அவையள் இல்லாட்டி எங்கட ஐயாவின்ர சவத்தை எடுத்திருப்பியோ? இஞ்ச வந்து நீ என்ன வேலை செய்தனி? பண்டி வெட்டுற பக்டரியில குடல் கழுவினனி. அப்ப எந்தச் சாதியடா நீ?"

"அது வேற, இது வேற!"

"என்ன வேற?"

கிறிஸ்தோப்பர் அறையின் குறுக்கும் நெடுக்குமாக நடந்தார். திடீரென்று நின்றார். தான் வென்றுவிட்டதாக அவர் முகம் சொன்னது.

"சரி. இவள் ஆருக்கு வேலை செய்யப்போறாள்? எங்கட சனத்துக்கெண்டுதானே சொல்லுறாள்? எங்கட சனம் இவளைத் தொட விடுமோ? உங்கட டெலிபோன் கூட்டம் இருக்குதெல்லே, ஞாயிற்றுக்கிழமை திருநாள் சாப்பாட்டில, எல்லாருக்கும் முன்னால, அதில ஒருத்தரை எழும்பி 'நான் செத்தால் லாரா வந்து என்னைக் குளிப்பாட்டட்டும்' எண்டு சொல்லச் சொல்லுங்கோ பாப்பம். ஒருத்தர் சொன்னாலே போதும். அந்த இடத்திலயே கையெழுத்துப் போடுறன்."

எங்களுடைய ஆட்களைத் தெரிந்தவர்களுக்கு இதன் கெட்டித்தனம் விளங்கும். அடுத்தவனுடைய சாவைப் பற்றி விடிய விடியப் பேசுவார்கள். தன்னுடைய சாவைப் பற்றி, அதுவும் திருநாள் அன்று, சோற்றுக்கு முன்னால்? 'வாயைக் கழுவு' என்றுதான் சொல்லுவார்கள். அக்கா தோற்றுப்போவார் என்பதில் கிறிஸ்தோப்பருக்குச் சந்தேகமே இல்லை.

அடுத்த நாள் ஒன்பது மணிக்குச் சுற்றுத் தொடங்கியது. டொறத்தி அக்கா சுற்றி வளைக்காமல் நேரே விசயத்துக்கு வந்தார்.

"விடிய வெள்ளன என்ன கதை கதைக்கிறாய் பிள்ளை!" என்று அம்புறோஸ் அண்ணை கத்தினார். மன்னார்க்காரர், எழுபத்தைந்து வயது, மீசைக்கு எண்ணெய் பூசுகிற மனுசன். "எனக்கு இப்ப ஒண்டுமில்லை. டொக்டரே சொன்னவர், இதயம் இருவது வயசுப் பெடியன்ர மாதிரி எண்டு."

"இருவது வயசுப் பெடியனும் ஒருநாள் சாவான் அண்ணை."

அம்புறோஸ் அண்ணை தொலைபேசியை வைத்துவிட்டார். அவர் ஜேசுரட்ணம் மாஸ்டரிடம் விசயத்தைச் சொல்லியிருக்க வேண்டும். மாஸ்டர் வழக்கத்தை மீறி நேரே டொறத்தி அக்காவை அழைத்து, "கிறிஸ்தோப்பர் சொல்லுறதுதான் சரி. அது எங்கட ஆக்கள் செய்யிற வேலை இல்லை. இனி எனக்கு டெலிபோன் எடுக்காதேங்கோ" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். பள்ளிக்கூடத்தில் சமத்துவம் படிப்பித்த மனுசன்!

வியாழக்கிழமை டொறத்தி அக்கா அழைத்தபோது அம்புறோஸ் அண்ணை எடுக்கவில்லை. தானே கட்டிய சுற்று, தன் வாயாலேயே உடைந்துபோயிற்று. பத்து மணி ஆகியும் ஒருவரும் அழைக்கவில்லை. அவர் கட்டிலில் உட்கார்ந்துகொண்டு, நான் இப்ப விழுந்து செத்தால் ஒருத்தருக்கும் தெரியாது என்று நினைத்தார். பயம் வந்தது. பொய் சொல்வானேன், நல்லாகவே வந்தது. ஒரு சொல்லு 'மன்னியுங்கோ' என்றால் எல்லாம் பழையபடி ஓடும். சொல்லமாட்டன் என்று சுவருக்குச் சொன்னார்.

பத்தரைக்குத் தொலைபேசி மணி அடித்தது. கமலநாயகி.

"இருக்கிறியளோ?"

"இருக்கிறன்."

"சரி." அவ்வளவுதான். வைத்துவிட்டார். வெள்ளிக்கிழமையும் அப்படியே, சனிக்கிழமையும் அப்படியே. சிவலிங்கத்தின் பேரையோ லாராவின் பேரையோ அந்த மனுசி எடுக்கவில்லை. டொறத்தி அக்காவும் கேட்கவில்லை. கேட்டால் அந்த 'இருக்கிறியளோ'வும் இல்லாமல் போய்விடுமோ என்று இருந்தது.

சனிக்கிழமை லாரா வந்தாள். "மாமி, விடுங்கோ. எனக்காக எல்லாரோடையும் கோவிக்காதேங்கோ. பதினெட்டு வர நானே போடுவன்."

"அதுக்குள்ள அந்த இடம் போயிடும். உன்ர அப்பன் உன்னை ஏதாவது ஒரு ஒபிசில கொண்டுபோய் இருத்துவான். பிறகு நீ விட்டிடுவாய். நான் எத்தினை பேரைப் பாத்திட்டன்." டொறத்தி அக்கா நாளைக்குக் கட்டப்போகிற சேலையை ஸ்திரிக்கை போட்டுக்கொண்டிருந்தார். "நான் கோவிக்கிறது உனக்காக மட்டும் இல்லையடி. எனக்கு அறுபத்தெட்டு வயசு. நான் செத்தால் என்னை ஆர் பாக்கிறது எண்டு சொல்ல எனக்கு வாய் இருக்குது. அதை உன்ர அப்பன் பொத்தேலாது."

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, மாதாவின் சுருவம் ஊர்வலமாகச் சுற்றி வந்து, கோயில் மண்டபத்தில் சாப்பாடு. ஊரில் மடுவுக்கு வேதக்காரரும் சைவக்காரரும் சேர்ந்து போவதுபோல இங்கேயும் எல்லாரும் வந்திருந்தார்கள். கமலநாயகி திருநீறோடு முன் வரிசையில் இருந்தார். கிறிஸ்தோப்பர் மைக்கைப் பிடித்து, மண்டபம் தந்த பங்குச் சுவாமிக்கும், சமைத்தவர்களுக்கும், கதிரை அடுக்கியவர்களுக்கும் நன்றி சொன்னார். சொல்லி முடித்து மைக்கை வைக்கப்போனபோது டொறத்தி அக்கா போய் அதைக் கையிலிருந்து வாங்கினார். 'வாங்கினார்' என்பது மரியாதைக்குச் சொல்வது.

"எல்லாரும் சாப்பிடுங்கோ. சாப்பிட்டுக்கொண்டே கேளுங்கோ. என்ர தம்பியின்ர மகள் லாரா செத்த வீட்டு வேலை படிக்கப்போறாள். தகப்பன் கையெழுத்துப் போடமாட்டாராம். ஒருத்தரும் இவளைத் தொட விடமாட்டினமாம். நான் சொல்லுறன், இந்த மாதா சாட்சியாச் சொல்லுறன். நான் செத்தால் என்னை லாராதான் குளிப்பாட்ட வேணும், லாராதான் சேலை உடுத்த வேணும். வேற ஒருத்தரும் கிட்ட வரப்படாது."

ஒரு தாய் தன் குழந்தையின் காதைப் பொத்தினாள்.

"நீங்கள் கணக்கில வரமாட்டியள் அக்கா" என்றார் கிறிஸ்தோப்பர் மெதுவாக. "நீங்கள் வீட்டு ஆள். வேற ஆர்?"

டொறத்தி அக்கா மண்டபத்தைப் பார்த்தார். ஜேசுரட்ணம் மாஸ்டர் தட்டையும் எடுத்துக்கொண்டு வெளியே போனார். அம்புறோஸ் அண்ணை சோற்றைக் குழைத்துக்கொண்டே இருந்தார். சுவரோரமாக லாரா நின்றாள், தகப்பனையே பார்த்தபடி. ஒவ்வொரு குடும்பத்தின் செத்த வீட்டுக்கும் டொறத்தி அக்கா போயிருக்கிறார், ஒவ்வொருவருடைய பிள்ளைக்கும் ஆஸ்பத்திரியில் காவல் இருந்திருக்கிறார். ஒருவரும் தலை நிமிரவில்லை. அந்த மனுசிக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனாலும் மைக்கை விடவில்லை.

"நான் ஒரு சொல்லு சொல்ல வேணும்" என்று முன் வரிசையில் ஒரு குரல் கேட்டது.

கமலநாயகி எழுந்து நின்றார். அவருக்கு மைக் தேவைப்படவில்லை. மண்டபம் அவ்வளவு அமைதியாக இருந்தது.

"என்ர மனிசனை வேட்டி கட்டாமல் அனுப்பினனாங்கள். எல்லாரும் பாத்தியள். கனடாவில இருந்து மகன் கேட்டவன், ஏனம்மா அப்பாவுக்குப் போர்வை போட்டது எண்டு. கொம்பனிக்காரன்ர பிழை எண்டு சொன்னனான். அவன்ர பிழையோ? அவன் வா எண்டு கூப்பிட்டவன். நாப்பது வருசம் அந்த மனிசனோட சீவிச்ச நான் கதவுக்கு வெளியால நிண்டனான். அண்டைக்கு வாய் திறந்தது இந்தப் பிள்ளை ஒண்டுதான். அதையும் உஷ் எண்டு அடக்கினம்." அவர் லாராவைப் பார்த்தார். "பிள்ளை, என்னையும் நீதான் பாக்க வேணும். பொட்டு மட்டும் வையாத, திருநீறு பூசிவிடு. சொல்லிப்போட்டன்."

"நாப்பது வருசம் உன்ர மனிசனுக்கு என்ர மீசையில பொறாமை" என்று அம்புறோஸ் அண்ணை சோற்றுக் கையோடு எழுந்தார். "எனக்கும் லாராதான். ஆனா மீசையில கை வைக்கப்படாது! வெள்ளைக்காரன் எண்டால் சுத்தமா வழிச்சு விட்டிடுவான். மன்னாரில போய் எப்பிடி முகம் முழிக்கிறது?"

செத்த பிறகு மன்னாருக்கு எப்படிப் போவார் என்று யாரும் கேட்கவில்லை. யாரோ ஒரு பெண் களுக்கென்று சிரித்தாள். அதோடு இறுக்கம் உடைந்தது. பின்னாலிருந்து ஒரு கிழவி தனக்குப் பொய்ப்பல்லைப் போட்டுவிட வேண்டும் என்றாள், பல்லில்லாமல் புருசனை மேலே போய்ச் சந்திக்க ஏலாதாம். இன்னொருவர் தலைக்கு மை பூசச் சொன்னார். கண்ணாடி இல்லாமல் படுக்கமாட்டேன் என்றார் ஒருவர். இருபது வருடமாக வாய்க்குள்ளேயே வைத்திருந்த சாவை எல்லாம் அந்தக் கிழடுகள் திருநாள் சோற்றுக்கு மேலே கொட்டின. பிள்ளைகள் "அம்மா, இருங்கோ அம்மா" என்று கையைப் பிடித்து இழுத்தார்கள். கிழவர்களும் கிழவிகளும் கையை உதறிவிட்டு நின்றார்கள்.

பிறேமா கைப்பையிலிருந்து ஒப்பந்தத்தை எடுத்து, குழம்புச் சட்டியை நகர்த்திவிட்டு, புருசனுக்கு முன்னால் வைத்தாள். பேனையையும் வைத்தாள்.

கிறிஸ்தோப்பர் சொன்ன சொல் தவறாதவர் என்று பேர் எடுத்தவர். அந்தப் பேர் அவர் கழுத்தைப் பிடித்தது. குனிந்து கையெழுத்துப் போட்டார். தாள் கிழியாதது ஆச்சரியம். நிமிர்ந்தபோது முகம் சிவந்து கிடந்தது. மகளைப் பார்த்து விரலை நீட்டினார்.

"போட்டாச்சு. இவையளுக்கு என்னவும் செய். ஆனா ஒண்டு சொல்லுறன், எல்லாரும் கேளுங்கோ. நான் செத்தால் உன்ர கை என்னில படக்கூடாது."

டொறத்தி அக்கா வாயைத் திறந்தார். தம்பியைக் கிழிப்பதற்கு அவரிடம் நிறையச் சொற்கள் தயாராக இருந்தன. ஆனால் லாரா முந்திவிட்டாள். சுவரை விட்டு வந்து, மேசைக்கு இந்தப் பக்கம், தகப்பனுக்கு நேரே நின்றாள்.

"ஏலாது அப்பா" என்றாள். "மற்ற எல்லாத்திலயும் உங்கட சொல்லுக் கேப்பன். இதில கேக்கமாட்டன். உங்களைக் கொண்டுபோய் ஒரு குளிர் அறையில முன்பின் தெரியாத ஒருத்தன்ர கையில குடுத்திட்டு நான் வெளியால நிக்கமாட்டன். உங்களை நான்தான் குளிப்பாட்டுவன். நீங்கள் என்ன சொன்னாலும் நான்தான்."

தலைவர் கிறிஸ்தோப்பர் நீட்டிய விரலை என்ன செய்வதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தார். பிறகு பக்கத்தில் இருந்த கதிரையில் உட்கார்ந்து, அத்தனை சனத்துக்கும் முன்னால், இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். லாரா அவருடைய தோளில் கை வைத்தாள். அவர் அந்தக் கையைத் தட்டிவிடவில்லை.